அறுபது மதிப்பெண் பாலம்

பாலம் போன ஒன்பதாம் நாளே அந்தத் தெருவுக்குப் பாலம் வந்துவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

வெள்ளம் வந்து கால்வாய்ப் பாலத்தை அடித்துக்கொண்டு போனபோது, தெருவில் இருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் உலகத்தில் எல்லா மனிதர்களும் செய்வதைத்தான் செய்தார்கள். அழுதார்கள். அழுது முடிந்ததும் வீட்டுக்குள் புகுந்த சேற்றை வாரிக் கொட்டினார்கள். பிறகு கரையில் நின்று அக்கரையைப் பார்த்தார்கள். அக்கரையில் பள்ளிக்கூடம் இருந்தது, சந்தை இருந்தது, பஸ் நிலையம் இருந்தது, பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. இக்கரையில் இவர்கள் மட்டும் இருந்தார்கள். நாலாம் நாள் வெல்டர் தன் கேஸ் கட்டரைக் கழுவித் துடைத்து எடுத்தார்.

வெல்டருக்கு மற்றவர்களைவிட அவசரம். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாயும் வெள்ளியும் அக்கரை ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். பாலம் இருந்தவரை மெதுவாக நடந்தாலும் கால் மணி நேரம். பாலம் இல்லையென்றால் வடக்கே பதினோரு கிலோமீட்டர் போய், அங்கிருக்கும் பெரிய பாலத்தைத் தாண்டி, மறுபடி பதினோரு கிலோமீட்டர் திரும்பி வரவேண்டும். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடியும் ஷேர் ஆட்டோ. வெள்ளம் வந்த வாரத்தில் இரண்டு முறை தவறிப்போய், கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகை பளிச்சென்று தெரியும்.

"படிக்கற தூரத்துல இருக்கு, போற தூரத்துல இல்ல," என்றாள்.

இதைக் கேட்ட பிறகு ஒரு வெல்டர் சும்மா இருப்பானா?

மனைவியின் அண்ணன் லாரிக்காரர், அதே தெருவில் மூன்றாம் வீடு. அவருடைய லாரியை வெள்ளம் குப்புறக் கவிழ்த்துப் போட்டிருந்தது. எஞ்சின் முழுக்கச் சேறு. ஆனாலும் தேற்றி எடுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். வெல்டர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். லாரிக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"என் தங்கச்சிக்கு ஆகாத லாரி எதுக்கு மாப்பிள்ளை? அறுங்க," என்றார்.

அறுத்தார்கள். லாரியின் சேஸிஸ் சட்டங்கள் இரண்டும் பாலத்துக்கு முதுகெலும்பு ஆயின. கல் நிரப்பிய இரும்புப் பீப்பாய்கள் நடுவே தூண். லாரியின் பக்கவாட்டுப் பலகைகள் நடைபாதை. கைப்பிடிக்குக் கம்பி பற்றாமல் போனபோது வீட்டுக்கு ஒரு ஜன்னல் கம்பி கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் பூ, ஒரு வீட்டில் சூரியன், ஒரு வீட்டில் வெறும் கட்டம். கையை வைத்தபடியே நடந்தால் பன்னிரண்டு வீட்டையும் தொட்டுக்கொண்டு போகலாம். நடுப்பாலத்தில் லாரியின் டிரைவர் சீட்டைக் கழற்றி வைத்து வெல்டிங் போட்டார். மனைவிக்குப் பாதி வழியில் மூச்சு வாங்கும்.

ஒன்பதாம் நாள் அவள்தான் முதலில் நடந்தாள். சீட்டில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து, இரண்டு கரையையும் ஒரு பார்வை பார்த்தாள். "ஹாரன் எங்க?" என்று கேட்டாள். அன்றைக்குத் தெருவே சிரித்தது. சிரித்த கணக்கில் அதுதான் கடைசி.

பன்னிரண்டாம் நாள் பேரிடர் மீண்டெழல் ஆணையத்தின் வெள்ளை ஜீப் வந்தது. அதிலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மா இறங்கினார். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சுருட்டிய சார்ட் தாள்கள், கண்ணில் எந்நேரமும் தளும்பத் தயாராக ஒரு ஈரம். எல்லோரையும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதைப் பார்த்தாலும் "ரொம்ப அழகு" என்பார். இடிந்த சுவரைப் பார்த்தும் அதையேதான் சொன்னார்.

"இந்தப் பாலத்தை யார் அண்ணா கட்டினது?"

"நாங்கதாம்மா."

"நீங்களேவா? யாரும் பயிற்சி குடுக்காமலா?"

"ஆமாம்மா. அந்தப் பக்கம் போகணும்ல."

ஒருங்கிணைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப அழகு. மக்களே தலைமை தாங்கும் மறுகட்டுமானம்னு எட்டு வருஷமா ஊர் ஊராப் போய்ப் பயிற்சி குடுக்கறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் தலைமை தாங்கினதில்ல. நீங்கதான் முதல்ல." அப்புறம் மூக்கை உறிஞ்சினார். "ஆனா ஒரு சிக்கல் இருக்கு அண்ணா."

சிக்கல் இதுதான். ஆணையத்தின் விதிப்படி முதலில் தேவையை ஆராய வேண்டும். தேவைக்கு மதிப்பெண் போட வேண்டும். நூற்றுக்கு அறுபது வந்தால் மக்களுக்குத் தலைமை தாங்கும் தகுதி வரும். அதன் பிறகுதான் பாலம். இவர்கள் தலைகீழாகச் செய்துவிட்டார்கள்.

"பாலம் இருக்கற இடத்துல பாலம் தேவைன்னு நான் எப்படி எழுதறது?"

"எழுதவே வேண்டாம்மா," என்றார் வெல்டர், பெருமையாக. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஒருங்கிணைப்பாளரின் முகம் அப்படியே மலர்ந்தது. "வேண்டாம்னு சொல்றவங்களுக்காகத்தான் அண்ணா எங்க ஆணையமே இருக்கு," என்று சொல்லி ஜீப்பிலிருந்து ஒரு படத்தை எடுத்து விரித்தார். கான்கிரீட் பாலம். இரண்டு பக்கமும் விளக்கு. பாலத்தின் மேல் ஒரு ஆம்புலன்ஸ் போய்க்கொண்டிருந்தது.

வெல்டர் அந்த ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவும் பார்த்தது.

"வீட்டு வாசல் வரைக்கும் வருமா?"

"அக்காவைப் படுக்க வெச்சே கூட்டிட்டுப் போகலாம். இப்ப இருக்கறத மட்டும் எடுத்துட்டீங்கன்னா ரெண்டே வாரம்."

"ரெண்டு வாரத்துல கட்டிடுவீங்களா?"

"நாங்க கட்ட மாட்டோம் அண்ணா. நீங்கதான் கட்டுவீங்க. நாங்க உங்கள கட்ட வைப்போம்."

வீட்டில் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பறக்கறதுக்கு ஆசைப்பட்டு இருக்கறத விட்டுடாதீங்க."

"ஆம்புலன்ஸ் வரும்."

"நான் கேட்டேனா? எனக்கு அந்த டிரைவர் சீட்டு போதும்."

வெல்டர் கேட்டாரா? கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் அது தனக்கான ஆசை இல்லை. வாசலில் ஆம்புலன்ஸ் நிற்பதையும், அதில் அவள் வெள்ளைத் துணி மேல் நிம்மதியாகப் படுத்திருப்பதையும் மனுஷன் மனசுக்குள் பார்த்துவிட்டார். மறுநாள் காலை தன் கையாலேயே, தன் கட்டராலேயே, ஒவ்வொரு இணைப்பாக அறுத்தார். துண்டுகளைக் கரையில் அடுக்கினார்கள். அடுக்கி முடித்த அன்று சாயங்காலமே ஆணையத்தின் லாரி வந்து, "ஆய்வுக்காக" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டிரைவர் சீட்டு முதல் ஜன்னல் கம்பி வரை ஒன்று விடாமல் ஏற்றிக்கொண்டு போனது.

அடுத்த வாரம் பயிலரங்கு. மக்கள் எளிதாக வந்து சேரும் இடமாகப் பார்த்து, அக்கரைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இருபத்திரண்டு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு எளிதாக வந்து சேர்ந்தார்கள்.

முதலில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்தார் ஒருங்கிணைப்பாளர். ஒரு நூல்கண்டைக் கொடுத்து, நூலின் நுனியைப் பிடித்துக்கொண்டு கண்டை இன்னொருவருக்கு எறியச் சொன்னார். எறிந்தார்கள். கால் மணி நேரத்தில் தெருவே நூலில் சிக்கிக்கொண்டு நகர முடியாமல் நின்றது. "பாத்தீங்களா, நாம எல்லாரும் ஒருத்தரோட ஒருத்தர் பிணைஞ்சிருக்கோம்," என்றார். "அது தெரியுமேம்மா, அடுத்தடுத்த வீட்டுக்கு ஒரே சுவருதானே," என்றார் நாலாம் வீட்டுத் தையல்காரம்மா. எல்லோரும் டீ குடிக்கப் போனதும், நல்ல நூல் வீணாகிறதே என்று தரையில் உட்கார்ந்து சிக்கெடுத்துச் சுற்றி வைத்தவரும் அவர்தான்.

அடுத்தது வரைபடம். தெருவை வரையச் சொல்லிச் சார்ட் தாளும் கலர் பேனாவும் கொடுத்தார்கள். வெல்டர் வீடுகளை வரைந்தார், கால்வாயை வரைந்தார், பாலத்தை வரைந்தார், நடுவில் சீட்டையும் வரைந்தார்.

"இதுல பாலம் வரக்கூடாது அண்ணா. இது பிரச்சினை வரைபடம்."

"சரிம்மா, பாலத்த எங்க வரையறது?"

"அது கனவு வரைபடம். மத்தியானத்துக்கு மேல."

மத்தியானத்துக்கு மேல் மதிப்பெண் போட்டார்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பதினைந்து. சந்தைக்குப் போகிறவர்களுக்குப் பன்னிரண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பத்து. கூட்டினால் முப்பத்தேழு. ஒருங்கிணைப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். பிறகு வெல்டரின் மனைவியைப் பார்த்தார்.

"அக்கா வருஷத்துக்கு எத்தனை தடவை போய்ட்டு வருவீங்க?"

"வாரத்துக்கு ரெண்டு. நூத்திநாலு."

"போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. இருநூத்தியெட்டு." விரல்விட்டு எண்ணினார். "உயிர் காக்கும் கடப்பு. இருபத்திநாலு மதிப்பெண். மொத்தம் அறுபத்தொண்ணு." ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார். "அக்கா, உங்க தெருவோட பலமே நீங்கதான். உடம்பப் பத்திரமாப் பாத்துக்கோங்க. நீங்க குணமாயிட்டீங்கன்னாக்கூட மார்க் போயிடும்."

தெரு கைதட்டியது. சொன்னதைச் சரியாகக் காதில் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது. நாலு மாதம் ஆனது. நடுவில் லாரிக்காரர் பொறுக்கமாட்டாமல் காலி டிரம்களைக் கட்டி ஒரு மிதவை செய்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தால் அக்கரை போய்விடலாம். தங்கையை ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை அதில் கூட்டிக்கொண்டும் போனார். அந்த வெள்ளிக்கிழமையே ஆணையத்தின் சரிபார்ப்பு அலுவலர் வந்து மிதவைக்கு எதிரே நின்று குறிப்பு எழுதிக்கொண்டார். "கடக்க வழி இருக்குன்னா மைனஸ் பத்து. அம்பத்தொண்ணு ஆயிடும். பரவாயில்லையா?" பரவாயில்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ஆம்புலன்ஸ் படம் அதற்குள் பன்னிரண்டு வீட்டுச் சுவரிலும் ஒட்டப்பட்டிருந்தது. லாரிக்காரர் மிதவையை அவிழ்த்தார்.

அவள் சுற்றிக்கொண்டே போனாள். விடிந்ததும் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். டயாலிசிஸ் முடிந்த உடம்பு துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். அந்த உடம்போடு ஷேர் ஆட்டோவில் எட்டாவது ஆளாக ஒண்டிக்கொண்டு வருவாள். வெல்டர் பக்கத்தில் படியில் தொற்றிக்கொண்டு வருவார். முதல் மாதம் அவள் திட்டினாள். இரண்டாம் மாதம் கிண்டல் செய்தாள். மூன்றாம் மாதத்திலிருந்து பேச்சு குறைந்துபோனது. அதுதான் வெல்டரைக் கொன்றது. வாயாடி மனைவி வாயை மூடிக்கொண்டால் ஆண்பிள்ளைக்கு எவ்வளவு பயமாக இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஐந்தாம் மாதம் ஆணையர் வந்தார். அவருடைய கார் நீளமானது. சுற்றி வருவது சிரமம் என்று அக்கரையிலேயே பந்தல் போட்டார்கள். தெரு இக்கரையில் நின்றது. ஒலிபெருக்கியை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்தார்கள். அன்று புதன்கிழமை. 'மீண்டெழும் பெண்மணி' விருது வாங்க வெல்டரின் மனைவி மட்டும் அக்கரைக்கு வரவேண்டும் என்று உத்தரவு. முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாள்.

"போக வேண்டாம்," என்றார் வெல்டர்.

"போகலன்னா பாலம் தள்ளிப்போகும்னு அந்தம்மா சொல்லுது. ஒரு நாள்தானே," என்றாள்.

ஆணையர் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

"நான் பதினாலு வெள்ளம் பாத்திருக்கேன். எல்லா ஊர்லயும் ஜனங்க அது குடு, இது குடுன்னு கேப்பாங்க. இந்தத் தெரு ஜனங்க யாருக்காகவும் காத்திருக்கல. அதனாலதான் இவங்கள எவ்வளவு நாள் காத்திருக்க வெச்சாலும் எங்களுக்குக் கவலையே இல்ல. வெள்ளம் இவங்ககிட்ட இருந்து பாலத்த எடுத்துச்சு, தன்னம்பிக்கைய எடுக்க முடியல. அந்த இடத்துலதான் ஆணையம் உள்ள வருது. இந்த அம்மாவப் பாருங்க. வாரத்துக்கு ரெண்டு நாள், எண்பத்தெட்டு கிலோமீட்டர். நாம பாலம் கட்டிக் குடுத்திருந்தா இப்படி ஒரு சாதனையப் பாத்திருப்போமா?"

இல்லை என்று பந்தல் முழுக்கத் தலையாட்டியது.

கண்ணாடியில் செய்த கேடயத்தை அவள் கையில் கொடுத்தார்கள். கனமாக இருந்தது போலும், நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவள் குரல் கால்வாயைத் தாண்டி ஒலிபெருக்கியில் வந்தது.

"எங்க பாலத்தக் குடுத்துடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா? பாலம் இருந்தாலும் இல்லைன்னாலும் நாங்க பாத்துக்கறோம்னு அக்கா சொல்றாங்க. ரொம்ப அழகு."

இக்கரையிலிருந்து வெல்டர் ஏதோ கத்தினார். இந்தப் பக்கம் மைக் இல்லை.

அந்த அலைச்சலில் அவள் படுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை எழுந்திருக்க முடியவில்லை. சனி, ஞாயிறு மழை கொட்டியது; வடக்கே ரோட்டில் தண்ணீர் நின்று பஸ் ஓடவில்லை. திங்கட்கிழமை மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து ஆஸ்பத்திரிப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் நீந்தியாவது தூக்கிப் போகிறேன் என்று, மிதவைகூட நிற்காத வேகத்தில் சுழித்தோடிய கால்வாயில் இறங்கினார். லாரிக்காரர் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஆட்டோ கிடைத்தது. பெரிய பாலத்துக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது அவள் வெல்டரின் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து, ஆட்டோவை மெதுவாக ஓட்டச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆம்புலன்ஸில்தான் திருப்பி அனுப்பினார்கள். வாசல் வரைக்கும் வந்தது. வெள்ளைத் துணி மேல்தான் படுத்திருந்தாள்.

பத்து நாள் கழித்து ஒருங்கிணைப்பாளர் வந்தார். இந்தமுறை நிஜமாகவே அழுதார். அதில் குறை சொல்வதற்கில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மறு மதிப்பீடு பண்ணணும் அண்ணா. விதி. அக்காவோட கடப்பு இருநூத்தியெட்டு இப்ப பூஜ்யம். இருபத்திநாலு குறையுது. முப்பத்தேழு."

வெல்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படின்னா?"

"பாலம் இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா நீங்க வருத்தப்படக் கூடாது. பாதியில விட்ட கோப்புன்னு நான் எழுதல. 'தேவை நீங்கியது'ன்னு எழுதி முடிச்சிருக்கேன். எங்க ஆணையத்து வரலாற்றுலயே ஒரு தேவை முழுசா நீங்கினது உங்க தெருவுலதான். அதுவும் எங்க உதவியே இல்லாம. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வெல்டர் போடவில்லை. "எங்க பாலத்தத் திருப்பிக் குடுங்க," என்றார்.

"அதுக்கு நீங்க தலைமையகத்துக்கு வரணும் அண்ணா."

போனார். தலைமையகம் ஐந்து மாடிக் கட்டடம். வாசலில் பச்சைப் பசேலென்று புல்வெளி. புல்வெளியின் நடுவே வட்டமாக ஒரு தொட்டி, அதில் சிவப்பு மீன்கள். தொட்டியின் மேலே அவர் பாலம். சேஸிஸ் சட்டத்துக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். பன்னிரண்டு வீட்டு ஜன்னல் கம்பிக்கும் வெள்ளி வண்ணம். பக்கத்திலேயே கேடயத்தோடு அவள் நிற்கும் ஆளுயரப் படம். படத்துக்கு அடியில், 'இவர் நிற்கவில்லை'.

நடுப்பாலத்தில் டிரைவர் சீட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, 'அமராதீர்கள்' என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வெல்டர் கயிற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார். காவலாளி ஓடி வந்தார்.

"ஐயா, அதுல உக்காரக் கூடாது. நடக்கவும் கூடாது. அது பார்வைக்கு."

"இது யாருக்காக வெச்சதுன்னு தெரியுமா?"

"வெளிநாட்டுக்காரங்க வருவாங்க, அவங்களுக்கு," என்றார் காவலாளி. அவருக்கு அவ்வளவுதான் தெரியும், பாவம்.

உள்ளே ஒருங்கிணைப்பாளர் டீ வாங்கிக் கொடுத்தார். பாலம் இப்போது கண்காட்சிப் பொருள் பட்டியலில் ஏறிவிட்டதால் திருப்பித் தர வழியில்லை என்றார். தேவை உள்ள தெரு என்றால் கான்கிரீட் பாலத்துக்கே மனுப் போடலாம். இன்னும் இருபத்துமூன்று மதிப்பெண்தான். கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெல்டர் பக்கம் குனிந்தார். அவருக்கு உதவ வேண்டும் என்ற அக்கறை அந்த முகத்தில் உண்மையாகவே தெரிந்தது.

"அண்ணா, உங்க தெருவுல வேற யாருக்காவது கிட்னி…"

வெல்டர் டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

அன்று சாயங்காலம் தையல்காரம்மா வீட்டில் தெரு கூடியது. போன காரியம் என்னாயிற்று என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியின் அசிங்கம் எல்லோருக்கும் உறைக்கட்டும் என்றுதான் வெல்டர் அதை அப்படியே சொன்னார். யாராவது காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் துப்பவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு சர்க்கரை இருக்கு," என்றார் தையல்காரம்மா, மெதுவாக.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய கணவர் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து, மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்தார்.

"எத்தனை வருஷமா?" என்று ஒருவர் கேட்டார்.

"பன்னெண்டு வருஷமா. இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும்னு டாக்டர் அன்னிக்கே சொன்னாரு."

"மாத்திரை சாப்பிடறாரா?"

"சாப்பிடறார்."

"ஒழுங்காவா?"

கேட்டவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மூன்று பிள்ளைகளைச் சுற்று வழியில் அனுப்புகிறவர். தையல்காரம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், யாரென்று இங்கே சொல்வானேன், பிஸ்கட் தட்டை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

வெல்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பார்வை அவருக்குத் தெரிந்த பார்வை. பயிலரங்கில் ஒருங்கிணைப்பாளர் தன் மனைவியைப் பார்த்த பார்வை. எழுந்து வெளியே போனார்.

மறுநாள் காலை முதல் வேலையாகத் தன் வீட்டு வாசல் கதவைக் கழற்றினார். இரும்புத் தகடு அடித்த கனமான கதவு. தனியாளாக இழுத்துக்கொண்டு கால்வாய்க் கரைக்கு வந்தார். பழைய பீப்பாய்த் தூண் தண்ணீருக்கு நடுவில் அப்படியேதான் நின்றது. அதுவரைக்கும் எட்டினால் போதும், மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சத்தம் கேட்டுத் தெரு முழுவதும் ஓடி வந்தது. முன்னால் லாரிக்காரர். கதவின் மறுமுனையைக் குனிந்து பிடித்தார். வெல்டருக்கு ஆறு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. தூக்கிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தார்.

"மச்சான், அப்படியே தள்ளுங்க," என்றார்.

லாரிக்காரர் தள்ளவில்லை. தன் பக்கமாக இழுத்துப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, அவசரப்படாதீங்க. நீங்க இப்ப ஒண்ணு போட்டு வெச்சீங்கன்னா மைனஸ் பத்து. அப்புறம் அவருக்கு வந்தாக்கூட அறுபது வராது."

வெல்டர் அவர் முகத்தையே பார்த்தார். "மச்சான். அவ உங்க தங்கச்சி."

"தெரியும் மாப்பிள்ளை. அவ போனது வீணாப் போயிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். பொறுத்தது பொறுத்தோம், இன்னும் கொஞ்ச நாள் என்றார்கள். தையல்காரம்மாவின் கணவரும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். என்ன கூட்டம் என்று அவருக்குப் புரியவில்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு அக்கரையைப் பார்த்தார்.

"அந்தப் பலகைல என்னமோ எழுதியிருக்குமே, ஆஸ்பத்திரின்னு. இப்பல்லாம் எனக்கு மங்கலாத் தெரியுது," என்றார்.

தெரு மொத்தமும் அவர் கண்ணையே பார்த்தது.

"கண்ணுக்கு வந்துடுச்சுன்னா அடுத்தது கிட்னிதான்," என்றார் லாரிக்காரர். சொல்லிவிட்டு அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து, படி பார்த்து நடக்கச் சொல்லி, பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். மறுமுனையைப் பிடிக்க ஆளில்லாமல், வெல்டர் கதவைக் கீழே வைத்தார்.